பெரியோ பிஜி (ஈறு நோய் மேற்படிப்பு) படிச்சவங்க, படிக்கிறவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு பேஷண்ட்

வைகைக்கரை:
எம்.டி.எஸ். இரண்டாம் வருஷம். அந்த அம்மாவுக்கு 58 வயசு. கீழ் முன்பல் நாலும் ஆட்டம், உள்பக்கம் பல்லுக்கல், அதான் கெட்டியான காரை, ஒரே பாலமா கட்டியிருந்தது. ஸ்கேலிங் பண்ணி அந்தக் கல்லை எடுத்து முடிச்சு கண்ணாடி காட்டினேன், அவங்களைவிட எனக்குத்தான் சந்தோஷம். நாலாம் நாள் ஓ.பி. திறக்கும் முன்னாடியே வாசல்ல நின்னாங்க. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பல்லை எடுத்து என் உள்ளங்கையில வச்சாங்க. "க்ளீன் பண்ணா பல்லு ஆடும்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு வந்தேன்"னாங்க. திட்டல. திட்டியிருந்தா தூங்கியிருப்பேன். எக்ஸ்ரேயில எலும்பு வேர்நுனி கிட்ட வரைக்கும் கரைஞ்சிருந்தது எனக்குத் தெரியும். அவங்களுக்குக் காட்டல.

சேலத்துப் பையன்:
அக்கா, இதுக்கு நீங்க வருத்தப்படவே கூடாது. பல்லைப் பிடிச்சிருக்கிறது எலும்பு, கல்லு இல்ல. நீங்க தொடாட்டியும் அது விழுந்திருக்கும்.
எனக்கு ஃபர்ஸ்ட் ஃபிளாப் கேஸ், அதாவது ஈறைத் திறந்து பண்ற ஆபரேஷன். ஆட்டுத் தாடையில தையல் போட்டுப் பழகின தைரியத்துல உட்கார்ந்தேன். கீழ் கடவாய்ப்பல், எக்ஸ்ரேயில வேர் நடுவுல லேசான நிழல்தான். ஈறைத் திறந்து கன்னப் பக்கமா, வேர் பிரியற இடத்தைப் பார்க்கிற வளைஞ்ச நேபர்ஸ் ப்ரோபை விட்டேன். நுனி நாக்குப் பக்கம் வந்து நின்னது; வேர் நடுவுல எலும்பே இல்ல. பல்லைக் காப்பாத்திடலாம்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கை அப்படியே நின்னுபோச்சு.

கோவை க்ளினிக்:
தம்பி, பாதிதான் சரி. எலும்பு போனதுதான் காரணம், ஆனா ஆடுற பல்லை அந்தக் கல்லே ஸ்ப்ளிண்ட் (பல்லுங்களைச் சேர்த்துக் கட்டுற கட்டு) மாதிரி சேர்த்துப் பிடிச்சிருக்கும். எடுத்ததும் ஆட்டம் அதிகமாகும். ஜனங்க சொல்றது பொய்யில்ல, அவங்க பார்த்ததைச் சொல்றாங்க. இந்த மாதிரி கேஸ்ல முதல்ல எக்ஸ்ரேயைக் கையில கொடுத்துப் பேசணும், தேவைப்பட்டா கம்பியும் காம்போசிட்டும் (பல் நிறப் பசை) வச்சுக் கட்டிட்டுக் கல்லை எடுக்கணும்.
என் கதை சின்னது. பிஜியில மொட்டை க்யூரெட்டால (ஈறுக்குள்ள கல்லைச் சுரண்டுற கருவி) தேய்ச்சேன். கல் வரல, வழுவழுப்பாச்சு, தடவிப் பார்க்கிற எக்ஸ்ப்ளோரர் முனைக்குக்கூடத் தட்டல. ஆறு வாரம் கழிச்சு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல அதே 7 மி.மீ. பாக்கெட் (பள்ளம்), அழுத்தினா சீழ்.
அதனால பிள்ளைகளுக்குச் சொல்றேன், கேட்டுக்கோங்க. க்யூரெட்டைத் தினமும் தீட்டுங்க. தீட்டுற கல்லுக்கும் க்யூரெட் முகத்துக்கும் நடுவுல 100லிருந்து 110 டிகிரி, அப்பதான் விளிம்போட கோணம் 70-80 டிகிரியில நிக்கும். கிரேசி வகை க்யூரெட்டுன்னா 5/6 நம்பர் முன்பல்லுக்கு, 11/12 பின்பல்லோட முன்பக்கத்துக்கு, 13/14 பின்பக்கத்துக்கு. கீழ் விளிம்பு மட்டும்தான் வேலை செய்யும், மாத்திப் பிடிச்சா ஈறைக் கிழிப்பீங்க. பல்லு மேல விரலை ஊன்றாம ஒரு ஸ்ட்ரோக் கூட வேண்டாம். பேஷண்டை நிமிர்த்தி வச்சுட்டு நீங்க குனியாதீங்க, முப்பத்தஞ்சு வயசுல கழுத்து போயிடும். தீசிஸுக்கு வேண்டிய பேஷண்டுகளை முதல் வருஷமே எடுக்க ஆரம்பிங்க, கடைசி ஆறு மாசத்துல ஃபாலோஅப்புக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க.

சேலத்துப் பையன்:
சார், ஸ்ப்ளிண்ட் போட்டாலும் எலும்பு திரும்பாதே. தள்ளிப்போடறதுதானே?

கோவை க்ளினிக்:
தள்ளிப்போடறதுன்னு சாதாரணமா சொல்லாதீங்க. ரெண்டு வருஷம் சொந்தப் பல்லுல சாப்பிடுறது அந்த அம்மாவுக்குப் பெரிய விஷயம்.

நெல்லை இன்டர்ன்:
அக்கா, அவங்களுக்குச் சுகர் இருந்துதா? ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) எவ்வளவு?

வைகைக்கரை:
"சுகர் இருக்காம்மா?"ன்னு கேட்டேன். "மாத்திரை போடறேன்"னாங்க. கேஸ் ஷீட்ல 'கட்டுப்பாட்டில் உள்ளது'ன்னு நானே எழுதிட்டேன், ரிப்போர்ட் கேட்கல. போன வாரம் மீதி மூணு பல்லையும் கட்ட வந்தப்ப அந்த டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். 10.4. கட்டுப்பாட்டுலேயே இல்ல.
ஸ்ப்ளிண்ட் போட்டாச்சு சார். எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே கண்ணு"ன்னாங்க.