ஏர்போர்ட் செக்கிங்கில் உங்களுக்கு என்ன நடந்தது? நம்ம கரைக்காரங்க எழுதுங்க

கீழக்கரையிலிருந்து:

வீட்டுக்கு ஒருத்தராவது துபாய், சவூதி, மலேசியா, கொழும்பு என்று போய் வந்துகொண்டிருக்கிற ஊர் நம்ம ஊர். மதுரை, திருச்சி, சென்னை மூன்று ஏர்போர்ட்டும் பழக்கம்தான். ஆனால் செக்கிங்கில் என்ன நடந்தது என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ஏறியாச்சா, இறங்கியாச்சா, சாப்பிட்டியா, அதோடு போன் பேச்சு முடிந்துவிடும். சோதனையே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். அவர்கள் எதுவரை கேட்கலாம், நாம் எதைக் கேட்கலாம், உடம்புக்கு முடியாதவர்கள் என்ன செய்வது, இதைப் பற்றி அவரவருக்கு நடந்ததை எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். உம்மாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. மேல்கையில் வட்டமாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கும், அஞ்சு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. மக்காவுக்கு உம்ரா போகும்போது பெண்கள் தடுப்புக்குள் அந்தக் காவலர் தடவிப் பார்க்கையில் அது கையில் தட்டுப்பட்டுவிட்டது. இந்தியில் ஏதோ கேட்டிருக்கிறார். உம்மாவுக்கு இந்தி தெரியாது. ஒட்டினதைப் பிய்த்துவிடுவாரோ என்று பயந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது, சந்தேகம் கூடிப்போச்சு. முக்காட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார். பெண் முன்னால் எடுக்க உம்மாவுக்கு ஒன்றும் தடை இல்லை, ஆனால் திரைத்துணி பாதிதான் மூடியிருந்தது, வெளியே ஆண்கள் வரிசை. லாத்தா (அக்கா) பின்னால் நின்றிருந்ததால் ஓடிப்போய்த் திரையை இழுத்துப் பிடித்து, மருந்துச் சீட்டைக் காட்டி, அரைகுறை இந்தியில் விளக்கி முடித்தது. அந்தக் காவலர் கெட்டவர் இல்லை, விஷயம் தெரிந்ததும் சிரித்து உம்மா கையைத் தட்டிக்கொடுத்தாராம். ஆனால் லாத்தா கூட இல்லையென்றால்?

இன்னொன்று, நம்ம தொதல், அல்வா மாதிரி இனிப்பு. கைப்பையில் வைத்தால் கண்டிப்பாகத் திறப்பார்கள். ஸ்கேனர் திரையில் உணவு, பிளாஸ்டிக், வெடிமருந்து எல்லாமே ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியுமாம், அதிலும் கெட்டியாகக் கட்டியாக இருந்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஒருத்தர் ஓலைப்பெட்டியைப் பிரித்து மோந்து பார்த்து, இன்னொருத்தரைக் கூப்பிட்டு, அவரும் மோந்து பார்த்து... சரி, அது சிரிப்புக்கு.

உச்சிப்புளியிலிருந்து:

நான் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன். கல்ஃப் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே "அந்த மெஷினில் கதிர் அடிக்குமா"தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கதவு மாதிரி நிற்கிற மெட்டல் டிடெக்டரிலும் சரி, கையில் வைத்துத் தடவுகிற கருவியிலும் சரி, எக்ஸ்ரே கிடையாது, வெறும் காந்தப் புலம்தான். கர்ப்பிணிகள் தாராளமாகப் போகலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கதவில் சாயாமல், நடுவில் நிற்காமல், சாதாரணமாக நடந்து கடக்கணும். கைக்கருவியை நெஞ்சு மேலேயே பிடித்துக்கொண்டு நிற்க விடக்கூடாது. அட்டையைக் காட்டி, கையாலேயே சோதிக்கச் சொல்லுங்க. பைகள் போகிற பெட்டிதான் எக்ஸ்ரே. அதன் வாயில் தொங்குகிற தடித்த திரை சும்மா அழகுக்கு இல்லை, பை நின்றுவிட்டால் உள்ளே கைவிட்டு இழுக்காதீங்க.

முழு உடம்பு ஸ்கேனர் இரண்டு வகை. 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு பிடிபட்ட பிறகு அமெரிக்காவில் இரண்டையும் வேக வேகமாக வைத்தார்கள். ஒன்று பேக்ஸ்கேட்டர், அது எக்ஸ்ரேதான். ஒரு முறைக்கு 0.1 மைக்ரோசீவர்ட் அளவுகூட வராது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 100 மைக்ரோசீவர்ட் என்றால் பார்த்துக்கோங்க. மேலே பறக்கிற சில நிமிஷத்திலேயே வானத்திலிருந்து அந்த அளவு கதிர் நமக்குக் கிடைத்துவிடும். அப்படியிருந்தும் ஐரோப்பிய ஒன்றியம் 2011 நவம்பரில் அந்த வகையை அனுமதிக்கவில்லை. அளவு கொஞ்சம்தான் என்றாலும், வேறு வழி இருக்கும்போது கோடிக்கணக்கான பேருக்கு எதற்கு என்பதுதான் கணக்கு. இன்னொரு வகை மில்லிமீட்டர் அலை, ரேடியோ அலை மாதிரி, எக்ஸ்ரே இல்லை. இப்போது பெரும்பாலும் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அமெரிக்கா 2013 நடுவில் அந்த எக்ஸ்ரே வகையை எடுத்ததற்குக் கதிர்வீச்சு காரணமே இல்லை. முதலில் அந்த மெஷின்கள் ஆளை உடை இல்லாத மாதிரியே காட்டின. ஜனங்கள் கத்தினார்கள், வழக்குப் போட்டார்கள், கடைசியில் பொம்மை உருவம் மட்டும் காட்டுகிற மென்பொருள் கட்டாயம் என்று சட்டம் வந்தது, அந்த மெஷினுக்கு அதைச் செய்து கொடுக்க முடியவில்லை. கேட்டதால்தான் மாறியது.

கீழக்கரை தம்பி, உம்மா சென்சாருக்கு: பெரும்பாலும் மெட்டல் டிடெக்டர் கதவு பரவாயில்லை, பாடி ஸ்கேனரும் எக்ஸ்ரே பெட்டியும் வேண்டாம் என்று சில கம்பெனிகள் கையேட்டில் போட்டிருக்கும். பார்த்துக்கோங்க. இன்சுலினை லக்கேஜில் போட்டு அனுப்பாதீங்க, கீழே குளிரில் உறைந்தால் வீண். 100 மில்லி விதி மருந்துக்கும் குழந்தைப் பாலுக்கும் இல்லை, சீட்டு கையில் இருக்கணும்.

பாம்பனிலிருந்து (நான் சொல்ல அக்கா மகன் டைப் பண்ணுறான்):

நாங்க எல்லாம் டிக்கெட் எடுத்து ஏரோப்ளேன் ஏறினவங்க இல்லை. எல்லை தாண்டினதா சிலோன் நேவி பிடிச்சு, சிறையில் கிடந்து, கோர்ட்டில் விடுதலை சொல்லி, வெளிநாட்டு ஆளுங்களை அடைச்சு வைக்கிற மிரிஹான முகாமில் காத்திருந்து, அப்புறம் கொழும்பிலிருந்து சென்னைக்கு அனுப்பி வைப்பாங்க பாருங்க, அதுதான் நம்ம கரையில் பாதிப் பேருக்கு முதல் விமானம். பாஸ்போர்ட் கிடையாது, தூதரகம் கொடுக்கிற ஒரு தாள்தான். கையில் பிளாஸ்டிக் பை, அதில் ஒரு சாரம் (லுங்கி).

கொழும்பில் அந்தக் கதவைக் கடந்தேன், கத்துச்சு. திரும்ப வரச் சொன்னாங்க, திரும்பவும் கத்துச்சு. பெல்ட் இல்லை, சில்லறைகூட இல்லை. எல்லாரும் பார்க்கிறாங்க. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, இடுப்பில் அரைஞாண் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து. அறுக்கச் சொல்லுவாங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, பிறந்ததிலிருந்து கழட்டாதது அது. ஒரு வயசான அதிகாரி வந்தார், சட்டையை லேசா தூக்கிப் பார்த்தார், சிங்களத்தில் என்னமோ சொல்லிச் சிரிச்சார், போ என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான் செக்கிங். சென்னையில் இறங்கினதும் ஆரம்பிச்சது. குடியுரிமை, சுங்கம், பேர், அப்பா பேர், எந்தப் படகு, எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனே, அங்கே யாரைப் பார்த்தே, திரும்ப முதலிலிருந்து. மீன்வளத்துறை வேன் வெளியே நிற்குது, நாங்க உள்ளே நிற்கிறோம். 2024 செப்டம்பரில் அங்கே மொட்டையடிச்சு அனுப்பின நம்ம ஆளுங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. அந்தத் தலையோட வந்து இறங்கினவனை உட்காரவைச்சு ஒரு டீ கொடுத்துட்டுக் கேட்டா என்ன?

மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் எங்களுக்கு கைரேகை எடுத்து கார்டு கொடுத்தாங்க, கடலுக்குப் போகும்போதும் அதைக் காட்டுறோம். காட்ட மாட்டோம்னு சொல்லலை.

தொண்டியிலிருந்து:

பாம்பன் அண்ணே சொன்னது மாதிரி, ஏறும்போது படுகிற பாட்டைவிட இறங்கும்போதுதான் எனக்கு. ரெண்டையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏறும்போது சோதிப்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, விமானத்தின் பாதுகாப்புக்கு. இறங்கும்போது பிடிப்பது சுங்கம், தங்கத்துக்கு.

ஜவுளி வியாபாரம், அடிக்கடி போய் வருவேன். அடிக்கடி போனாலே குருவி, அதாவது தங்கம் கடத்துகிறவன் என்றுதான் பார்வை. குருவிகள் இல்லாமல் இல்லை, தங்கத்தைப் பேஸ்டாக்கி மாத்திரை மாதிரி உருட்டி ஆசனவாயில் வைத்து வருகிறவர்கள் மாசாமாசம் பிடிபடுகிறார்கள், அதிகாரிகளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், "ஒரு ஸ்கேன் எடுத்துட்டுப் போயிடலாம், இதில் ஒரு கையெழுத்து" என்று நீட்டினார்கள். பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தது. போட்டுவிட்டால் சீக்கிரம் விடுவார்கள் என்று கூட நின்றவர் சொன்னார். வெளியே ஒரு இடத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. திரும்பக் கொண்டுவந்து விட்டபோது ஊருக்குப் போகிற கடைசி வண்டியும் போயிருந்தது. மன்னிப்பு, வருத்தம் எதுவும் இல்லை.

அப்புறம் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டேன். 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தில் 102-ஆம் பிரிவு: சோதிக்கும் முன் கெசட்டட் அந்தஸ்துள்ள சுங்க அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ கூட்டிப்போ என்று நாம் கேட்டால் கூட்டிப்போக வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கணும். 103-ஆம் பிரிவு: உடம்புக்குள் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, துணை ஆணையர் அல்லது உதவி ஆணையர் அனுமதியோடும் நம் சம்மதத்தோடும் சுங்க நிலையத்தில் இருக்கிற கருவியில் ஸ்கேன் பண்ணலாம், இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி அவர் உத்தரவு வாங்கித்தான் எக்ஸ்ரே எடுக்கணும். நாமே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு சம்மதித்தால் உத்தரவு தேவையில்லை. நான் எதையும் ஒத்துக்கொள்ளவே இல்லை, கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டார்கள். இந்த ரெண்டு பிரிவையும் தமிழில் எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டினால் ஆகிற செலவு என்ன?

உச்சிப்புளியிலிருந்து:

தொண்டி பாய், வயிற்று எக்ஸ்ரே நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. ஒரு தடவைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வைத்தியத்துக்கு இல்லாமல் எடுக்கிற எதையும் நாங்கள் லேசாகச் சொல்லமாட்டோம். வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்றால் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிடணும்.

சாயல்குடியிலிருந்து:

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். 1984 ஆகஸ்ட் 2 மீனம்பாக்கம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? கொழும்பு விமானத்துக்குப் போக வேண்டிய பெட்டி சென்னையிலேயே வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த வருஷம் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து 329 பேர். 1999 டிசம்பரில் நம்ம விமானத்தைக் காந்தகாருக்குக் கடத்திப்போனார்கள், அதற்கப்புறம்தான் 2000-லிருந்து ஏர்போர்ட்டுகளை இந்தப் படையிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பையன்கள் ஒரு ஷிஃப்டில் எத்தனை ஆயிரம் இடுப்பைத் தடவணும் தெரியுமா? ஒரு பையை விட்டால் அவன் வேலை போகும். நீங்கள் ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டீர்களா?

தேவிபட்டினத்திலிருந்து:

ஐயா, ரெண்டு நிமிஷம் பொறுக்கலாம், தெரியாமல் எடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெங்களூரில் வேலை எனக்கு. ஒரு ஏர்போர்ட் வாசலில் ஒரு பெண் நின்று என் போர்டிங் பாஸை வாங்கி ஸ்கேன் பண்ணி, "இங்க பாருங்க சார்" என்று ஒரு கேமராவைக் காட்டினார். எதற்கு என்று கேட்டால் சீக்கிரம் போகலாம் என்றார். டிஜியாத்ரா! முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டு உள்ளே விடுகிற திட்டம். 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியபோதே விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். வேண்டாம் என்றால் அடையாள அட்டையைக் காட்டி மற்ற வாசலில் போகலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன நாடு இது. என் முகம் வேணும் என்றால் என்னைக் கேட்டுவிட்டு எடுக்கணும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

ராமேஸ்வரத்திலிருந்து:

சாயல்குடி ஐயாவுக்குக் கலாம் ஐயா கதையையே சொல்கிறேன். 2009 ஏப்ரலில் டெல்லியில் ஒரு அமெரிக்க விமான நிறுவனத்து ஆட்கள் அவரை வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவருக்கு விலக்கு என்று நம்ம அரசு உத்தரவே இருந்தது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்தில் உட்கார்ந்த பிறகு வந்து கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு வார்த்தை முனகவில்லை. பெரிய மனுஷர்! அதைச் சொல்லித்தான் "கலாமே பொறுத்துக்கிட்டார், உனக்கென்ன" என்பார்கள். ஆனால் அவருக்காக நாடாளுமன்றத்தில் கேட்டார்கள், அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ரெண்டாவது தடவை அமெரிக்க அரசும் கேட்டது. பாம்பன் அண்ணனுக்கும் கீழக்கரை உம்மாவுக்கும் யார் கேட்பார்கள்? சோதனை இருக்கட்டும். தமிழ் தெரிந்த ஒருத்தர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கட்டும், திரை முழுசாக மூடட்டும். இதனால் எந்தக் குண்டும் தப்பிவிடாது.

சாயல்குடியிலிருந்து:

திரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தமிழ் ஆள் போடுவதும் சரி. முகத்தைப் படம் எடுப்பதில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், அது இன்னும் சிறந்த காவல்.

ஏர்வாடியிலிருந்து:

எல்லாம் படித்தேன். எங்க அத்தைக்கு ஒரு கால் செயற்கைக் கால், முதல் தடவையாக மகனைப் பார்க்க மஸ்கட் போகிறார்கள். கழற்றச் சொல்வார்களா? இப்பவே அழுகிறார்கள்.

உச்சிப்புளியிலிருந்து:

2021 அக்டோபரில் செயற்கைக் கால் வைத்திருக்கிற நடிகை சுதா சந்திரன் இதைப் பற்றித்தான் வீடியோ போட்டார், படையே மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், மனுஷ மரியாதை கருதிச் செயற்கைக் கால் கையைக் கழற்றச் சொல்லக்கூடாது என்றது. அத்தையிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் டாக்டர் கடிதமும் இருக்கட்டும். வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்க. தனி அறை வேணும் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்க, உள்ளே பெண் காவலர்தான் இருக்கணும். ஒரு சின்னத் துணியால் காலைத் துடைத்து மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள், அது வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க, வலிக்காது.

முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. 2018-இல் ஹெல்சின்கி ஏர்போர்ட் ஆய்வு ஒன்று வந்தது, கழிவறையைவிட, செக்கிங்கில் சாமான் வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகளில்தான் சளி வைரஸ் அதிகம் கிடைத்ததாம்.