காலை 4 மணிக்கு எழுந்தால்தான் குரூப் 4 பாஸ் ஆக முடியுமா?

திருப்பூர்_மலர்:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். காலை 10 மணிக்குக் கடைக்குப் போனால் கணக்கு முடித்துக் கிளம்ப இரவு 9.30 ஆகிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, காலைச் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்துப் படுக்க 11.30.

இதற்கு நடுவில் குரூப் 4-க்குப் படிக்கிறேன். பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் ஒரு தடவையிலேயே மனதில் நின்றுவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் 4 மணிக்கு, "படிக்க உட்கார்ந்தாச்சு" என்று ஆளாளுக்குப் போட்டோ போடுகிறார்கள். நானும் அலாரம் வைத்து எழுகிறேன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். மதியம் 3 மணிக்கு மேல் கடையில் கண் சொருகுகிறது. அம்மாவோ, "விடியுமுன் எழுகிறவள்தான் உருப்படுவாள், போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்.

உண்மையிலேயே பழகிவிடுமா? இல்லை, வேறு நேரம் பார்க்கலாமா?

கரூர்_வாத்தியார்:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன் அம்மா. விடிகாலைப் படிப்பு நல்லதுதான். டிவி ஓடாது, போன் வராது, யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த அமைதி பகலில் கிடைக்காது. ஆனால் நான் அப்படிப் படிக்கச் சொன்ன பிள்ளைகள் எல்லாம் இரவு 9 மணிக்குத் தூங்கியவர்கள். 11.30-க்குப் படுக்கிற உங்களுக்கு அதையே சொல்ல மாட்டேன்.

குலசேகரத்தான்:

தங்கச்சி, எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. நான் குரூப் 4 எழுதி இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பா 3 மணிக்கு எழுந்து, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அந்த நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு. இரவில் மரத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறி இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகத் தொடங்கினால் அழுத்தம் குறைந்துவிடும், சிரட்டையில் விழும் பாலும் குறையும். அதனால்தான் விடியுமுன் வெட்டு. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டு கிடையாது. அன்றைக்கு அப்பா 6 மணி வரை நிம்மதியாகத் தூங்குவார், யாரும் எழுப்ப மாட்டோம். மரத்துக்காகத்தான் அவர் 3 மணிக்கு எழுந்தார்.

இன்னொன்று, அவர் இரவு 8 மணிக்கே படுத்துவிடுவார். 7 மணிக்கெல்லாம் அம்மா சோறு போட்டுவிடுவார், அதன்பின் வீட்டில் டிவி சத்தம் கேட்கக் கூடாது. குழுவில் வருகிற 4 மணி போட்டோக்களில் இந்த 8 மணி தெரிகிறதா? முந்தின நாள் எப்போது படுத்தார்கள், பகலில் வேலைக்குப் போகிறார்களா, சமைப்பது யார் என்று எதுவும் தெரியாது. விடியுமுன் எழுவது மட்டுமே ஒருவரை உயர்த்திவிடும் என்றால் எங்கள் ஊர்ப் பால்வெட்டுக்காரர்களும், தோவாளைச் சந்தைக்குப் பூக்கட்டோடு வருகிறவர்களும், தெருக் கூட்டுகிற அக்காக்களும் எப்போதோ உயர்ந்திருக்க வேண்டும். அவர்கள் உழைப்பைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்தப் பேச்சு எனக்கு வலிக்கிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். 11.30-க்குப் படுத்து 4-க்கு எழுந்தால் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். தூக்கத்தின் முன்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், கனவு வருகிற தூக்கம் பின்பாதியில்தான் அதிகம். நீங்கள் வெட்டி எறிவது அந்தப் பின்பாதியை. படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான் என்கிறபோது, படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்தால் என்ன மிஞ்சும்? பழகிவிடும் என்று அம்மா சொல்வது அன்பில் சொல்வது. உடம்பு அதற்குப் பழகாது. சோர்வு பழகிப்போய்த் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அப்புறம், பரீட்சை எப்போது? காலை 9.30 முதல் 12.30 வரை. 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் மூளை விழித்திருக்க வேண்டும். 4 மணிக்கு அரைத் தூக்கத்தில் உட்கார்ந்து பழகி என்ன பயன்?

நான் சொல்வது இதுதான். 11-க்குப் படுங்கள், 6-க்கு எழுங்கள். 6.30 முதல் 8.30 வரை படியுங்கள். கணக்கும் புதுப் பாடமும் அப்போது. பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் படித்ததைத் திருப்பிப் பார்ப்பதற்கு பஸ்ஸும் மதியச் சாப்பாட்டு நேரமும் போதும். 11-க்குப் படுக்க முடியாது என்பீர்கள். பாத்திரமும் காயும் ஏன் உங்கள் தலையில் மட்டும்? என் அக்கா தேர்வுக்குப் படித்த வருடம் இரவுப் பாத்திரம் எனக்கும் தம்பிக்கும்தான். வீட்டில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அலாரத்தைவிட அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு உதவும்.

நைட்_டியூட்டி_சிஸ்டர்:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன், நான் செவிலியர். ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் அது ஒரே மாதிரி ஓடுவதில்லை. பதின்ம வயதில் தாமதமாக ஓடும், வயது ஏற ஏற முந்திக்கொள்ளும். அம்மாவுக்கு விடிகாலையில் தானாக விழிப்பு வருகிறதென்றால் அதில் வயதுக்கும் பங்கு உண்டு.

கொஞ்சம் சீக்கிரம் எழ ஆசை என்றால் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நில்லுங்கள், கடிகாரம் மெல்ல முன்னே நகரும். மாலை 7 மணி டீயை விட்டுவிடுங்கள். அதிலுள்ள காஃபின் பாதியாகக் குறையவே பலருக்கு 5 மணி நேரம் ஆகும்.

திருப்பூர்_மலர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கடையில் 7 மணிக்கு டீ கட்டாயம் வரும், இனி அதைத் தம்பி வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுகிறேன். பாத்திரம் பற்றி இன்று அண்ணனிடம் பேசினேன். முதலில் முறைத்தான், அப்புறம் சரி என்றுவிட்டான். ஒரு சந்தேகம்: எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்கு மட்டும் 10 மணி வரை தூங்கிக்கொள்ளலாமா?

நைட்_டியூட்டி_சிஸ்டர்:

7 மணிக்கு எழுந்துவிடுங்கள் மலர். 10 வரை இழுத்தால் அன்றிரவு 11-க்குத் தூக்கம் வராது, புதன்கிழமை திண்டாடுவீர்கள். அசதியாக இருந்தால் மதியம் சாப்பிட்டபின் 20 நிமிடம் படுங்கள். 3 மணிக்கு மேல் மட்டும் வேண்டாம்.