நாலு ஆசனக் கணக்கும் நாளேட்டுத் தலைப்பும்: திருகோணமலையில் கண்டவை

உவர்மலை வாசகர்

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு கொழும்பு ஊடகங்கள் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். வடக்கு கிழக்குத் தமிழர் பழைய கட்சியையும் பழைய கோரிக்கையையும் கைகழுவிவிட்டுத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் பின்னால் போய்விட்டார்களாம். இன்றைக்கும் எந்த அரசியல் விவாதமும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் மாவட்டத்துக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அதை எழுதிவைக்கிறேன், மற்ற ஊர்க்காரர் தங்கள் பக்கத்தில் கண்டதைச் சேருங்கள்.

திருகோணமலைக்கு நாலு ஆசனம். ஆயிரத்துக்கு முழுமையாக்கிச் சொன்னால் தேசிய மக்கள் சக்திக்கு 87,000 வாக்கு, ஐக்கிய மக்கள் சக்திக்கு 53,000, தமிழரசுக் கட்சிக்கு 34,000. மாவட்டத்தில் ஐந்து வீதம் எடுக்காத பட்டியல்கள் முதலில் கழிந்துபோகும். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் மூன்று. தேறிய மூன்று கட்சிகளின் மொத்தம் 174,000. அதை மூன்றால் பிரித்தால் 58,000, ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்கு. திசைகாட்டி 58,000 கொடுத்து ஓர் ஆசனம் எடுத்தது, கையில் மீதி 29,000. மற்ற இரண்டு கட்சிக்கும் 58,000 இல்லாததால் அவற்றின் வாக்கு முழுவதும் மீதியாகவே நின்றது. கடைசி இரண்டு ஆசனமும் பெரிய மீதிக்குப் போகும்: 53,000 க்கு ஒன்று, 34,000 க்கு ஒன்று. 29,000 வெளியே நின்றது.

இப்போது 34,000 க்கும் 29,000 க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். தமிழரசின் வீட்டுச் சின்னத்திலிருந்து 2,500 பேருக்குச் சற்று மேல் திசைகாட்டிக்கு மாறியிருந்தால் தமிழரசின் ஆசனம் போயிருக்கும். திசைகாட்டிக்கு மூன்று, டெலிபோன் சின்னத்து ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, எங்களுக்குப் பூச்சியம். இன்னொரு ஆபத்து, ஐந்து வீதம் எடுக்க முடியாத சுயேச்சைக் குழுவுக்குப் போகிற வாக்கு. அது கழிக்கப்படும்போது ஆசனத்துக்கு வேண்டிய வாக்கும் குறையும், அதனால் முதல் கட்சியின் மீதி ஏறும். போட்டுப் பாருங்கள்: 34,000 இலிருந்து 3,750 கழிந்தால் 30,250. மொத்தம் 170,250 ஆகும், மூன்றால் பிரித்தால் 56,750. 87,000 இல் அதைக் கழித்தால் அங்கேயும் 30,250. அதற்குமேல் பத்து வாக்குச் சிந்தினாலும் ஆசனம் கைமாறும். தமிழரசின் மூத்த தலைவர் இரா. சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30 இல் காலமான பிறகு வந்த முதல் பொதுத் தேர்தலில் இந்த மாவட்டம் அந்த ஓர் ஆசனத்தை இவ்வளவு ஒடுங்கிய விளிம்பில் காப்பாற்றியது. காப்பாற்றிய செய்தி எந்தத் தலைப்பிலும் வரவில்லை.

சாம்பல்தீவு வாசகர்

அண்ணை சொன்னதோடு மற்ற இரண்டு மாவட்டத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் திசைகாட்டி 80,830 வாக்கு எடுத்தது, 24.85 வீதம். கிடைத்தது ஆறில் மூன்று ஆசனம். நாலில் மூன்று பேர் வேறு பட்டியலுக்குப் புள்ளடி போட்ட ஒரு மாவட்டத்தைத்தான் "யாழ்ப்பாணம் மாறிவிட்டது" என்று எழுதினார்கள். ஆசனம் கூடினதற்குக் காரணம் இரண்டு: போனஸ் ஆசனமும், தமிழ்த் தேசிய வாக்கு பல பட்டியல்களாகச் சிதறினதும். மட்டக்களப்பில் தமிழரசு 96,975 வாக்கோடு ஐந்தில் மூன்றை எடுத்தது. 22 மாவட்டங்களில் திசைகாட்டி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் அது. நாட்டின் மிகப் பெரிய அலை நின்ற இடம் அது என்றால் செய்தியாளன் ஓடிப்போய் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். அரைப் பந்தியோடு விட்டுவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. 2020 இல் இந்த மாவட்டத்தில் தமிழரசு தலைமை தாங்கிய தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 39,570 வாக்கு, 2024 இல் வீட்டுக்கு 34,000 சொச்சம். அந்தச் சரிவை எழுதட்டும், அது உண்மை. சரிவைக் கைகழுவல் என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியாது.

கிண்ணியா வாசகர்

உவர்மலை ஐயாவின் கணக்குச் சரி. அதைப் பயன்படுத்துகிறபோது ஒரு எச்சரிக்கை வேண்டும், எங்கள் பக்கத்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள். "தமிழர் இத்தனை வீதம், முஸ்லிம்கள் இத்தனை வீதம் இன்னாருக்குப் போட்டார்கள்" என்று தொலைக்காட்சியில் அடித்துச் சொல்கிற எவருக்கும் அது தெரியாது. வாக்குச் சீட்டில் இனம் இல்லை. பல வாக்கெடுப்பு நிலையங்களின் பெட்டிகள் ஒரே எண்ணும் மண்டபத்துக்கு வருகின்றன, முடிவு தொகுதிவாரியாகத்தான் வெளியாகும். எங்கள் மாவட்டத்துக்கு மூன்று தொகுதி: திருகோணமலை, மூதூர், சேருவில. அதோடு தபால்மூல வாக்கு. மூதூர்த் தொகுதிக்குள்ளே மூதூர் நகரும் இருக்கிறது, சம்பூரும் இருக்கிறது. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு சம்பூர்த் தமிழன் என்ன நினைத்தான், கிண்ணியா முஸ்லிம் என்ன நினைத்தான் என்று எழுதுவது ஊகம்.

முஸ்லிம் வாக்கைப் பற்றிய செய்திகளில் இந்தக் கோளாறு இன்னும் கூட. கட்சித் தலைவர்மார் கொழும்பில் யாரோடு கைகுலுக்கினார்கள் என்பதே செய்தி. மார்க்கம், குடும்பம், காணி, கடற்தொழில் என்று யோசித்து நிதானமாக வாக்களிக்கிற சாதாரண ஆளுக்கு ஒரு கருத்து உண்டு என்பதே அந்தச் செய்தியில் தெரியாது.

பாலையூற்று வாசகர்

முடிவு வெளியாகும் இரவில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அட்டைகளைச் சரிபார்க்கிற முறை இது. தேர்தல் ஆணைக்குழுவின் முடிவுப் பத்திரத்தில் கட்சிவாரி வாக்கோடு செல்லுபடியானவை, நிராகரிக்கப்பட்டவை, அளிக்கப்பட்டவை, பதிவு செய்யப்பட்டவை என்று நாலு எண் இருக்கும். கட்சி வாக்கெல்லாம் கூட்டினால் செல்லுபடியானவை வர வேண்டும். செல்லுபடியானதும் நிராகரிக்கப்பட்டதும் கூட்டினால் அளிக்கப்பட்டவை வர வேண்டும். போலி அட்டை செய்கிறவன் கட்சி எண்ணை மாற்றுவான், கீழே உள்ள மொத்தத்தை மாற்ற மறப்பான். மூன்று நிமிடக் கூட்டலில் பிடிபடும். வீதம் மட்டும் போட்டு வாக்கு எண் போடாத அட்டையை நம்பவே வேண்டாம்.

இன்னொன்று, வழக்கமாக முதலில் வருவது தபால்மூல முடிவு. அது அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றோரின் வாக்கு. மாவட்டத்தின் முகம் அது அல்ல. அந்த முடிவை வைத்துக்கொண்டே "அலை" என்று பின்னணி இசை போட ஆரம்பித்துவிடுகிறார்கள், விடியுமுன் கதை கட்டப்பட்டுவிடும். மூன்று தொகுதியும் வரும்வரை பகிராமல் இருங்கள்.

திருக்கடலூர் வாசகர்

பக்கச்சார்பு என்றால் பொய் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். திருகோணமலையில் நாங்கள் கூடுதலாகக் காண்பது எழுதாமல் விடுவது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. அதன் காலம் 2017 செப்டெம்பர் 30 உடன் முடிந்தது. அதே 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறையைத் திருத்தினார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது, அதோடு பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை. ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். எங்கள் ஊர்ப் பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி எல்லாம் தெரிவு செய்யப்படாத ஒருவரின் கையெழுத்தில் ஓடுகின்றன. தேர்தல் மேடைக்கு வருகிற அமைச்சர்மாரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை விடாத பேட்டியைத் தேடிப் பாருங்கள், மிக அரிது. "புதிய அரசியல் கலாசாரம்" பற்றி மட்டும் முழு மணித்தியாலம் பேசுவார்கள்.

மௌனத்துக்கு ஒரு காரணம் காசு. பிராந்தியச் செய்தியாளருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, வெளியான செய்திக்கு ஒரு சிறு தொகை. ஆகவே அழைப்பு வருகிற நிகழ்வும், அனுப்பி வைக்கப்படும் அறிக்கையும் சுலபமாகச் செய்தியாகும். கிராமத்துக்குப் போய், விதானையை (கிராம அலுவலரை) கண்டு, காணி உறுதியைப் பார்த்து எழுதுகிற செய்திக்கு எண்ணெய்க் காசும் வராது. மற்றக் காரணம் இந்த ஊருக்குத் தெரியும். 2006 ஜனவரி 2 இல் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. துப்பாக்கிக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்து அந்தக் கூற்றை உடைத்தவர் சுடர் ஒளிச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24 ஆந் திகதி அவர் இந்த நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரில் நின்று ஆதாரத்தோடு எழுதுகிறவனின் விலை அப்படி இருந்தது. கொழும்பு ஸ்டூடியோவில் இருந்து எங்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துப் பேசட்டும்.

அன்புவழிபுரம் வாசகர்

முறைப்பாடு செய்கிற விதத்தை எழுதுகிறேன், ஆத்திரத்தில் எழுதி அனுப்புவது பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது.

தேர்தல் காலத்தில் ஊடகங்களுக்கு வழிகாட்டல் வெளியிடும் அதிகாரம் அரசியலமைப்பின் 104ஆ(5) உறுப்புரையில் தேர்தல் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது. அரச வானொலியான ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியும் அதை மீறினால் அங்கே தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கவும் முடியும். தனியார் தொலைக்காட்சிக்கு அந்த ஏற்பாடு இல்லை, சுயாதீனமான ஒழுங்குபடுத்தும் சபையும் நாட்டில் இல்லை. 1997 இல் அதற்கென்று கொண்டுவந்த சட்டமூலம் அரசாங்கத்தின் கைக்குள் ஊடகத்தைக் கொடுப்பதாக இருந்தபடியால் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அது நிற்காமல் போனதுதான் நல்லது என்பது என் கருத்து. ஊடகம் சாய்கிறது என்பதற்காக அமைச்சரின் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது, நாளைக்கு அது எங்கள் பத்திரிகையைத்தான் முதலில் வெட்டும்.

முறைப்பாட்டில் இருக்க வேண்டியவை: அலைவரிசை, திகதி, நிகழ்ச்சியின் பெயர், தொடக்க நேரம், குறித்த வாக்கியம் வந்த நிமிடம், அந்த வாக்கியம் சொன்னபடியே. "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் பயனில்லை. நேரப் பங்கீடு பற்றிய முறைப்பாடு என்றால் ஒரு நாள் செய்தி போதாது. ஒரே அலைவரிசையின் இரவுச் செய்தியைத் தொடர்ந்து ஒரு கிழமை பார்த்து, எந்தக் கட்சிக்கு எத்தனை செக்கன், வேட்பாளரின் சொந்தக் குரலா செய்தி வாசிப்பவரின் குரலா என்று அட்டவணை போடுங்கள். இரண்டாவது பிரிவு முக்கியம், பல தடவை நேரம் சமமாக இருக்கும், ஒருவருக்குக் குரல், மற்றவருக்கு முதுகுப் படம். வாக்கெடுப்புக்கு முந்திய 48 மணித்தியால அமைதிக் காலத்தில் பிரசாரம் ஒளிபரப்பானால் அன்றைக்கே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மாவட்ட முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கொடுங்கள், அடுத்த கிழமை கொடுத்தால் வெறும் கோப்பாகிவிடும்.

பத்திரிகை என்றால் முதலில் ஆசிரியருக்குத் திருத்தம் கேட்டு எழுதுங்கள், வெளியான பக்கத்தின் படத்தோடு. அது அசையாவிட்டால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு. திருத்தமோ பதில் உரிமையோ கேட்கலாம். கருத்துக் கட்டுரையை எதிர்த்து முறையிட்டுப் பயனில்லை. கருத்து எழுத அவர்களுக்கு உரிமை உண்டு. எண் பிழை, பெயர் பிழை, எதிர்த்தரப்பிடம் கேட்காமை, இவைதான் பிடி.

மூதூர் வாசகர்

தம்பி, அரச தொலைக்காட்சியிடம் கட்சிவாரி ஒளிபரப்பு நேரத்தைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

அன்புவழிபுரம் வாசகர்

கேட்கலாம் அண்ணை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், அரச கூட்டுத்தாபனங்களுக்குப் பொருந்தும், தனியாருக்குப் பொருந்தாது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. "தேர்தல் செய்தி எல்லாம் தாருங்கள்" என்று கேட்டால் அந்தத் தகவல் தொகுக்கப்படவில்லை என்று பதில் வரும். "இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை, தமிழ் அலைவரிசையில், இரவுப் பிரதான செய்திக்குரிய ஓட்டப் பட்டியலின் (செய்திகளின் வரிசையும் நேரமும் உள்ள பட்டியல்) பிரதி" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடித நகலோடு குத்தி வையுங்கள். திகதி எண்ணுகிற வேலையெல்லாம் அந்தத் துண்டிலிருந்துதான் தொடங்கும்.