பாதியில் நிற்கும் குழந்தை ஸ்வெட்டர்: விட்ட இடம் தெரியவில்லை, அளவும் போதுமா தெரியவில்லை

குறிஞ்சிமலர், குன்னூர்

அனைவருக்கும் வணக்கம். கருவுற்றிருந்தபோது பிறக்கப்போகும் பிள்ளைக்கென ஒரு முன்திறப்பு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினேன். முதுகுப்பக்கமும் இடது முன்பக்கமும் முடிந்துவிட்டன. வலது முன்பக்கம் பாதியில் நிற்கிறது. கைகள் இரண்டையும் இன்னும் தொடங்கவில்லை. வலி எடுத்த அன்று ஊசியோடு சுருட்டி வைத்தது, அப்படியே அம்மா வீட்டு இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. மகளுக்கு இப்போது நான்கு மாதம் நிறைந்திருக்கிறது. மார்கழிக் குளிருக்குள் இதை அவளுக்குப் போட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

ஃபோர் பிளை கம்பளி நூல், 10-ஆம் எண் அலுமினிய ஊசி. 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 36 வரிசை என்று அப்போது அளந்து எழுதியிருக்கிறேன். முதுகில் 64 கண்ணிகள். முன்பக்கம் ஒவ்வொன்றிலும் 6 கண்ணி கேபிள் (கயிறு போன்ற முறுக்குப் பின்னல்) ஒன்று ஓடுகிறது. 8 வரிசைக்கு ஒரு முறை முறுக்கு வரும். வரிசைகளைக் குறித்து வந்த தாள் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. கடைசி முறுக்குக்குப் பின் எத்தனை வரிசை பின்னியிருக்கிறேன், அடுத்து நேர்ப்பக்கமா பின்பக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முழுவதும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது என்கிறார் என் மாமியார். எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நேற்று சும்மா நான்கைந்து வரிசை வேறு நூலில் பின்னிப் பார்த்தபோது, வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, சுரீரென்று வலித்தது. இத்தனை மாதம் ஊசி பிடிக்காததால் வரும் வலி என்று விட்டுவிடலாமா?

நூல்கண்டு, உதகை

பிரிக்க வேண்டாம் அம்மா. தாள் தொலைந்தாலும் துணி தொலையவில்லை. பின்னிய துணியே தன் கணக்கைச் சொல்லும்.

முதலில் நூல் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். வரிசையின் ஓரத்தில் தொங்கினால் வரிசை முடிந்திருக்கிறது. ஊசியை இடது கையில் பிடித்து, நூல் உங்கள் வலப்புறம் ஊசி முனையில் இருக்குமாறு திருப்புங்கள். அப்போது உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் எதுவோ அதுதான் அடுத்த வரிசை. நூல் வரிசையின் நடுவில் தொங்கினால், எந்த ஊசியின் கண்ணியிலிருந்து அது வருகிறதோ அந்த ஊசி வலது கையில் இருக்க வேண்டும். நெடுநாள் கழித்து எடுப்பவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் வந்த வழியே திரும்பிப் பின்னிவிடுவார்கள். அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும், ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு வரிசை உயர்ந்தும் போகும்.

கேபிளுக்கு வருவோம். கடைசி முறுக்கின் பின்னால் விரல்நுனி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். பின்பக்கத்திலிருந்து சுண்டுவிரலை அதில் விட்டுத் துணியை லேசாக அகலவாக்கில் இழுத்தால், கேபிளுக்கும் அதன் ஓரத்துப் பர்ல் (நேர்ப்பக்கத்தில் முடிச்சு போல் தெரியும்) கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி போன்ற குறுக்கு இழைகள் தெரியும். விரலுக்கு மேலிருந்து ஊசி வரை அவற்றை எண்ணுங்கள். முறுக்கு வரிசையையும் சேர்த்து எண்ணினோமா இல்லையா என்ற குழப்பம் இங்கே எல்லோருக்கும் வரும். அதனால் முடித்து வைத்திருக்கும் இடது முன்பக்கத்தில் ஒரு முறுக்கிலிருந்து அடுத்த முறுக்கு வரை அதே முறையில் எண்ணிப் பாருங்கள். அங்கே என்ன எண் வருகிறதோ அதுவே உங்களுக்கு அளவுகோல்.

மாதக்கணக்கில் ஊசியிலேயே நின்ற வரிசை இழுபட்டுப் போயிருக்கும். வெளிர் நிற நூலானால் அலுமினிய ஊசியின் சாம்பல் கறையும் ஒட்டியிருக்கலாம். ஆகவே கணக்குக் கிடைத்ததும் மேலே இரண்டு வரிசையை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னுங்கள். பிரிப்பதற்கு முன், மொட்டை முனை ஊசியில் வேறு நிறப் பருத்தி நூலைக் கோத்து, நிறுத்த வேண்டிய வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிடுங்கள். இதைத்தான் லைஃப்லைன் என்கிறோம். எது அவிழ்ந்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும்.

மகளின் மார்புச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். அதற்குமுன் மேற்கொண்டு பின்ன வேண்டாம்.

இயன்முறை, கோயம்புத்தூர்

நான் பிசியோதெரபிஸ்ட். சகோதரி சொல்லும் வலியைப் பழக்கம் விட்டதால் வந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் அதை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் கூர்மையாக வலித்தால் டி குவர்வெய்ன் எனப்படும் தசைநாண் உறை வீக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895-இல் இதைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர் வந்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாரிடம் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது.

பின்னலைவிடப் பிள்ளையைத் தூக்கும் முறையே பெரும்பாலும் இதற்குக் காரணம். கட்டைவிரலை அகல விரித்து அக்குளுக்குள் கொடுத்து நாளெல்லாம் தூக்கும்போது, கட்டைவிரலை இயக்கும் இரண்டு தசைநாண்கள் அவற்றின் குறுகிய உறைக்குள் உரசி வீங்குகின்றன. இனித் தூக்கும்போது ஒரு கை பிட்டத்தின் அடியிலும் மறு கை கழுத்துக்கும் முதுகுக்கும் அடியிலும் போகட்டும். உள்ளங்கை மேல்நோக்கி, கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து, பாரம் முன்னங்கையில் இறங்க வேண்டும். பால் கொடுக்கும்போது தலையை மணிக்கட்டை வளைத்துத் தாங்காமல், தலையணை வைத்து உயர்த்துங்கள்.

கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைச் சில வாரங்கள் அணிந்தால் பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி மருந்துக்கு நல்ல பலன் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போகிறது என்றால் அது வேறு சிக்கல். அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பிள்ளையை வலியில்லாமல் தூக்க முடிகிற வரை பின்னலை நிறுத்திவையுங்கள் என்பதுதான் என் அறிவுரை. அதன்பின்னும் ஒரே இருப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் தொடங்குவது நல்லது.

குறிஞ்சிமலர்

நூல்கண்டு அம்மாவுக்கும் இயன்முறை அண்ணாவுக்கும் மிக்க நன்றி. கையைச் சாய்த்தபோது நீங்கள் சொன்ன இடத்திலேயே வலித்தது, பட்டை வாங்கிவிட்டேன். மாமியாரும் இப்போது தூளியிலிருந்து பிள்ளையைத் தாமே எடுத்துத் தருகிறார்.

நூல் வலது ஓரத்தில் தொங்குகிறது, பின்பக்கம் என்னைப் பார்க்கிறது, ஆகவே அடுத்தது பர்ல் வரிசை. இடது முன்பக்கத்தோடு ஒப்பிட்டு எண்ணியதில் முறுக்கு வரிசையையும் சேர்த்து ஐந்து வரிசை ஆகியிருக்கிறது. மகளின் மார்புச் சுற்றளவு இப்போது 42 செ.மீ. ஸ்வெட்டரின் துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தால், பட்டன் போட்ட நிலையில் மொத்தச் சுற்றளவு 46 செ.மீ. வரும். கையில் எடுத்தபோது அந்துருண்டை வாசனை பலமாக அடித்தது. பெட்டியில் அம்மா போட்டு வைத்திருந்தார். வெயிலில் போட்டால் போய்விடும் அல்லவா?

வெண்பனி, கோத்தகிரி

அந்த வாசனையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்துருண்டையில் இருப்பது பெரும்பாலும் நாஃப்தலீன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, நாஃப்தலீன் ஏறிய துணியையோ போர்வையையோ போர்த்தினால்கூடச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். அந்தக் குறை இருப்பது பல குடும்பங்களில் வெளியே தெரிவதே இல்லை. ஆண் குழந்தைகளிடம் அதிகம் என்றாலும் பெண் குழந்தைகளுக்கு வராது என்றில்லை.

ஊசியில் இருக்கும் கண்ணிகளைப் பருத்தி நூலுக்கு மாற்றி, நூல் முனைகளை முடிச்சிட்டுவிட்டு, எல்லாத் துண்டுகளையும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்துக் கசக்காமல் அலசுங்கள். துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் பரப்பிக் காயவையுங்கள். பிரிக்காத நூல்கண்டுகளையும் சிட்டமாகச் சுற்றி இதேபோல் அலச வேண்டும். பிறகு காற்றோட்டமான இடத்தில், பிள்ளை இருக்கும் அறைக்கு வெளியே, வாசனை கொஞ்சமும் இல்லாத வரை கிடக்கட்டும். மகளின் மற்றத் துணிகள் அந்தப் பெட்டியில் இருந்தால் அவற்றுக்கும் இதுவே. கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் கருத்து இறங்கினாலும், பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அந்துருண்டை வைத்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்துருண்டைக்குப் பதில் கற்பூரம் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். கைக்குழந்தைக்கு அதுவும் ஆகாது. அழுக்கும் வியர்வையும் படிந்த கம்பளியைத்தான் பூச்சி அதிகம் தேடி வரும். துவைத்து நன்றாகக் காய்ந்த துணியைக் காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தாலே போதும்.

நூல்கண்டு

வெண்பனி சொன்ன வேலை முதலில் முடியட்டும். கண்ணிகளைப் பருத்தி நூலுக்கு மாற்றினாலும், பிரிப்பதற்கு முன் இரண்டு வரிசை கீழே லைஃப்லைனைத் தனியாக ஓட்ட வேண்டும்.

இனி அளவு. 42-க்கு 46 இன்றைக்குப் பொருந்தும். ஆனால் கைகளைப் பின்னி, தைத்து முடித்து, மார்கழியில் போடும்போது மகளுக்கு 44 அல்லது 45 ஆகியிருக்கும். உள்ளே பனியனும் போட வேண்டும். 51, 52 செ.மீ. இருந்தால்தான் அடுத்த பனிக்காலம் நெருங்கும்வரை உதவும். இதற்காக முதுகைப் பிரிக்க வேண்டியதில்லை. முதுகின் இரண்டு பக்க ஓரங்களிலும், இடுப்பிலிருந்து கைத்திறப்பு வரை, நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி வீதம் எடுத்து, 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு பக்கப்பட்டை பின்னுங்கள். உங்கள் கணக்குப்படி 11 வரிசை. அதன் ஓரத்தில் முன்பக்கத்தைத் தைத்தால் பக்கத்துக்கு 3 ஆக மொத்தம் 6 செ.மீ. கூடி 52 வந்துவிடும். கைகளை இன்னும் தொடங்காதது நல்லதாயிற்று. அவற்றின் மேல் அகலத்திலும் அந்த 3 செ.மீ.யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை அளந்து, ஆறு மாதத்துக்கு 29 செ.மீ., ஒரு வயதுக்கு 31 முதல் 32 செ.மீ. என்று வைத்துக் கைநீளத்தை முடிவு செய்யலாம். சற்று நீளமாகவே பின்னி மடித்துவிடுங்கள்.

உடல் நீளம் போதாவிட்டால் அடி ரிப்பை (இழுபடும் ஓரப் பின்னலை) மட்டும் நீக்கி, அதன் மேல் வரிசைக் கண்ணிகளை ஊசியில் எடுத்து, கீழ்நோக்கி இன்னும் நீளமான ரிப்பாகப் பின்னலாம். பழைய ரிப்பின் அடியிலேயே சேர்த்துப் பின்னினால் கண்ணிகள் அரைக் கண்ணி தள்ளி விழும். ரிப்பில் அது அப்பட்டமாகத் தெரியும்.

நூல் கூடுதலாகத் தேவைப்படும். கடையில் அதே எண் கிடைத்தாலும் சாயத் தொகுதி மாறி, நிறம் சற்று வேறுபட்டிருக்கும். புதிய நூலை ரிப், பக்கப்பட்டை, பட்டன் பட்டை ஆகியவற்றுக்கு வைத்துக்கொண்டு, பழையதைக் கைகளுக்கு ஒதுக்குங்கள். ஊசி வாங்குவதானால் எண்ணை நம்பாமல் மி.மீ. பார்த்து வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் 10-ஆம் எண் என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கில் 3.25 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் 10 என்பது 6 மி.மீ.

குறிஞ்சிமலர்

எல்லாவற்றையும் அலசிக் காயவைத்தாயிற்று. வாசனை அநேகமாகப் போய்விட்டது. பிரித்து எறியாமல் ஒரு வழி கிடைத்ததில் மாமியாருக்கும் மகிழ்ச்சி. பக்கப்பட்டை யோசனையைக் கேட்டு, தாமே நூல் வாங்க உதகைக்குப் போய்வந்தார். கட்டைவிரலுக்குப் பட்டை போட்ட பின் கைவலியும் குறைந்து வருகிறது. மீண்டும் தொடங்கும்போது எந்த நேரத்தில் எப்படிப் பின்னுவது என்று குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். தூளி ஆட்டும் கயிறு ஒரு கையில் இருக்க, மறு கையில் ஊசி பிடிக்க முடிவதில்லை.

தேயிலைத்தூறல், நுவரெலியா

தங்கச்சி, நீண்ட நேர் ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டு, நடுவில் கம்பி உள்ள வட்ட ஊசிக்கு மாறுங்கள். சுற்றிப் பின்ன வேண்டியதில்லை, வரிசை வரிசையாகத் திருப்பியே பின்னலாம். துணியின் பாரம் மடியில் இறங்கிவிடுவதால் மணிக்கட்டுக்கு இதம். பிள்ளை அழுதால் கண்ணிகளைக் கம்பிக்குத் தள்ளிவிட்டு எழுந்து ஓடலாம், ஒன்றும் நழுவாது.

பிள்ளை மடியிலோ, மார்போடு கட்டிய துணியிலோ இருக்கும்போது ஊசியை எடுக்க வேண்டாம். நான்கு மாதத்துக்குப் பிறகு கைக்கு எட்டியதை எல்லாம் இழுக்கத் தொடங்குவார்கள். ஊசி, கத்தரி, சின்ன அடையாள வளையங்கள் எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குள் இருக்கட்டும். பிள்ளை தூங்கும் நேரத்துக்குப் பக்கப்பட்டையையும் கைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தினாலும் எண்ணிப் பிடித்துவிடலாம். கேபிள் வரிசையை, மாமி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொழுதில் மட்டும் பின்னுங்கள். எவ்வளவு அழைத்தாலும் வரிசையை முடித்துவிட்டே எழுவது என்ற பழக்கம் பின்னாளில் எண்ணும் வேலையைப் பாதியாக்கும். ஆனால் பால் கேட்டு அழுதால் நடுவரிசையிலேயே விட்டுவிடுங்கள், நூல்கண்டு அக்கா சொன்ன வழி இருக்கிறதே.

குறிஞ்சிமலர்

நன்றி அக்கா, வட்ட ஊசி வாங்கச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: ஐந்து சிறு மரப் பட்டன்கள் வைத்திருக்கிறேன். தைக்கலாமா?

வெண்பனி

எட்டு மாதப் பிள்ளை ஸ்வெட்டரின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பும். பட்டன் கழன்றால் தொண்டையில் அடைக்கும். பட்டனுக்குப் பதிலாக ஓரத்தில் நாடா முடிச்சும் வேண்டாம். பட்டன்தான் வைப்பதென்றால், பின்னல் துணி மட்டும் தாங்காது என்பதால் பட்டன் பட்டையின் உட்புறம் ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைத்து, ஒவ்வொரு பட்டனையும் அந்த நாடாவோடு சேர்த்து வலுவான நூலால் தையுங்கள். வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உட்புறத்தில் தொங்கும் நூல் முனைகளை எல்லாம் ஊசியால் செருகி வெட்டிவிடுங்கள். தளர்ந்த இழை விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். காரணம் தெரியாமல் பிள்ளை வீறிட்டு அழும்போது விரல்களைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.