வெறும் பாட்டில் எங்கே கிடைச்சுது? வீட்டில் பியர் காய்ச்சுறவங்க சொல்லுங்க

ஈஸ்ட்டு மாமா, லைப்சிக்

வழக்கமான கேள்விதான், ஆனா என் சிக்கல் தலைகீழ். பாட்டில் வந்துக்கிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது.

தொட்டி 20 லிட்டர். அரை லிட்டர் பாட்டில்னா 40 வேணும். புதுசா வாங்கினா பியர் செலவை பாட்டில் செலவு முழுங்கிடும். இங்க சாதா பியர் பாட்டிலுக்கு டெபாசிட் 8 சென்ட், கம்பி வெச்ச மூடி பாட்டிலுக்கு 15 சென்ட், தெரிஞ்சதுதான். மூடி அடிக்கிற மெஷின் என்கிட்ட இல்லை. அதனால கம்பி மூடிதான் குறி.

கடையில பாட்டில் திரும்ப வாங்குற மெஷின் முன்னாடி ஒரு பெரியவர். அவர் போடுற கம்பி மூடி பாட்டிலை மெஷின் உள்ளே இழுக்கும், துப்பும். அந்தக் கடை விக்காத ரகம், எடுத்துக்காது. "நான் வாங்கிக்கறேன், ஒண்ணுக்கு 20 சென்ட்"னேன். பையைக் கீழே வெச்சார். ஒவ்வொரு மூடியா திறந்து, ரப்பரைக் கட்டைவிரலால மடக்கிப் பார்த்தார். வெடிப்பு தெரிஞ்சா அது இடது பக்கம். கிழக்கு ஜெர்மனி காலத்துல ஒரு பியர் ஆலையில பாட்டில் கழுவுற இடத்துல வேலை பார்த்தவராம். கடைசியில 15 சென்ட் கணக்குலதான் வாங்கினார், மீதியை எண்ணி என் கையில வெச்சார்.

அதுக்கப்புறம் சனிக்கிழமை தவறாம தள்ளுவண்டி நிறைய வருது. எனக்காகவே ஏரிக்கரையில தேடுறாராம். கீழறை நிறைஞ்சு சைக்கிள் வெக்க இடமில்லை. போதும்னு சொல்ல வாயெடுத்தா, ரப்பரை மடக்கிப் பார்த்த அந்த விரல் ஞாபகம் வந்துடுது. யாருக்காவது இப்படி ஆச்சா?

கராஜ் காய்ச்சி, ஸ்காபரோ

உங்களுக்குப் பெரியவர், எனக்குப் பெரியப்பா.

எங்கட ஆக்களின்ட கலியாண ஹோலை விட்டால் இங்க போத்தலுக்கு நல்ல இடம் இல்லை. ஒன்டாரியோவின்ட 341 மில்லி மண்ணிறப் போத்தல் முறுக்கித் திறக்கிற கழுத்து. என்ட கைமெசினால மூடி அடிச்சால் சிலது காத்தை விட்டிடும். கலியாணத்தில ஓடுறது ஹைனெகன், ஓப்பனர் கேக்கிற கழுத்து. பத்து சென்ட் டெபொசிட்டுக்காக அதைக் கட்டித் தூக்க ஹோல்காரருக்கு நேரமில்லை. "எடுத்துக்கொண்டு போ" எண்டு விட்டிடுவினம்.

சொந்தக்காரப் பிள்ளையின்ட ரிசெப்ஷன். பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு பின்கதவடியில நிண்டு பெட்டி பெட்டியா வானுக்க ஏத்திறன். பெரியப்பா சிகரெட் பத்த வெளியில வந்தவர். என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "தம்பி, வேலை போயிட்டுதோ?" எண்டு மெல்லமாக் கேட்டார். நான் பியர் கதையைத் தொடங்க, "ஒண்டும் சொல்லாதை, எனக்கு விளங்குது" எண்டு இருபது டொலரை ஷேட் பொக்கற்றுக்க செருகிப்போட்டு உள்ள போயிட்டார்.

விடியமுன்னம் அம்மாவின்ட ஃபோன்: வீட்டுக்கடன் ஒழுங்காக் கட்டுறியோ? மனிசி இப்பவும் ஒரு பார்ட்டிக்குப் போனால், "போத்தல் பக்கம் பார்க்காதையுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுத்தான் கார் கதவைத் திறக்கிறா.

பீப்பாய், ஈஸ்ட்ஹாம்

ஸ்காபரோ நண்பரே, ஹைனெகனின் பச்சை பாட்டிலை முதலில் விடுங்கள். பியரில் சேர்க்கிற ஹாப்ஸ் பூ தருகிற கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் ஸ்கங்க் என்கிற விலங்கின் நாற்றம் எழும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. இத்தனை பாடுபட்டு ஏற்றிய பெட்டிக்கு இதுதான் கதி.

என் கதை சின்னது. தெருமுனை பப்பில் கேட்டேன். இங்கே லண்டனில் கண்ணாடி பாட்டிலுக்கு டெபாசிட் கிடையாது, கண்ணாடிக் குப்பையை எடுக்க அவர்கள்தான் காசு கட்டுகிறார்கள். சாத்துகிற நேரம், தொட்டிக்குள் கவிழ்க்க இருந்த கூடையை பார் பெண் என் பக்கம் திருப்பினாள். "மொத்தமுமா?" என்று அவள் கேட்டபோது நான் ஏதோ கிறுக்கன் என்பது போல் ஒரு பார்வை. அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் கிடைத்த கதையைச் சொல்கிறீர்கள், கழுவுகிற கதையை ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே அலசுங்கள். அடியில் காய்ந்த பியரில் பூஞ்சை பிடித்தால் பிரஷ் தேய்ந்துவிடும். சிகரெட் துண்டு கிடந்த பாட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டாம், வீசிவிடுங்கள். சுடுநீரில் வாஷிங் சோடா கரைத்து இரவெல்லாம் ஊறப்போட்டால் காகித லேபிள் பெரும்பாலும் தானே மிதக்கும். கண்ணாடி மேல் நேரடியாக அச்சடித்தது போகாது, அதனால் கொரோனா மாதிரி பாட்டிலில் நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள் (அது வெள்ளைக் கண்ணாடி வேறு). அலசிய பிறகு விளக்குக்கு நேரே பிடித்து அடியைப் பாருங்கள். கழுத்தில் விரலை ஓட்டுங்கள், சில்லு நெருடினால் அதுவும் குப்பைக்கு. மூடியில் 26 மில்லிமீட்டர் ஒரு ரகம், 29 இன்னொரு ரகம். ஷாம்பெயின் பாட்டிலும் சில பெல்ஜிய பாட்டிலும் 29 கேட்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து வைத்தால் அடைக்கிற நாளில் வீட்டில் சண்டை வரும். கடைசியாக, அடைத்த பாட்டில் வெடிப்பது பற்றி. ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளந்து, நொதிப்பு முடிந்ததா என்று காட்டும் கருவி) சில நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டாமல் அடைக்கவே கூடாது. நுரைக்காக அடைக்கும்போது சேர்க்கிற சர்க்கரை லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போதும், ஒருமுறை மட்டும் ஊற்றி வீசுகிற மெல்லிய கண்ணாடி என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

லைப்சிக்காரர் ரப்பரை மாற்றிவிடட்டும். தனியாக விற்கிறார்கள், விலை அற்பம்.

மால்ட் மூட்டை, மியூனிக்

சட்டத்தை ஒருத்தரும் தொடலையே. ஆலையோட பேரை கண்ணாடியிலேயே வார்த்திருந்தா அந்த பாட்டில் ஆலைக்குத்தான் சொந்தம், டெபாசிட் கட்டினதால உங்களோடது ஆகாது. எல்லா ஆலையும் பொதுவா பயன்படுத்துற பாட்டில் விஷயம் வேற, அது கை மாறும். 2007ல இங்க உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பிரிச்சுச் சொல்லுச்சு. ஈஸ்ட்டு மாமா உங்க கீழறையில பேர் வார்த்தது எத்தனை கிடக்கு? பெரியவர்கிட்ட இதையே காரணமா சொல்லி நிறுத்தலாமே.

ஈஸ்ட்டு மாமா, லைப்சிக்

40 வருஷம் பாட்டில் கழுவினவர்கிட்ட பாட்டில் யாருக்குச் சொந்தம்னு நான் பாடம் நடத்தணுமா? கீழறை நிறைஞ்சுடுச்சுன்னு மட்டும் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குக் காய்ச்சுறதுக்கு வருஷம் 200 லிட்டர்னு இருந்த வரியில்லா அளவை 2024ல 500 ஆக்கிட்டாங்க, தெரியாதான்னு கேட்டார். அப்போ நிறைய காய்ச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மலைக்காத்து, கோத்தகிரி

குடுத்து வெச்சவங்க நீங்க. இங்க வீட்ல பியர் காய்ச்சினா மதுவிலக்குச் சட்டம் பாயும். நான் அடைக்கறது இஞ்சி சோடா.

முந்தி ரோட்டோரமா சும்மா கிடக்கும், பொறுக்கிட்டு வருவேன். உடைஞ்ச கண்ணாடி யானைக் காலைக் கிழிக்குதுன்னு விஷயம் கோர்ட்டுக்குப் போய், 2022லருந்து நீலகிரி டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, திருப்பித் தந்தா குடுக்கறாங்க. நல்ல விஷயம்தான், காடு சுத்தமாச்சு. போன மாசம் வியூ பாயிண்ட்ல சாக்கு நிறைய வெச்சிருந்த ஒரு பொடியன்கிட்ட ரெண்டு கேட்டேன். "இருவது ரூவா, சில்லறை இருக்காண்ணா?"ங்கறான். ஜிபே இருக்கான்னு கேட்டேன், சாக்கைத் தோள்ல போட்டுட்டு நடந்துட்டான்.

நீள்கழுத்து, மெல்போர்ன்

இங்கேயும் அதே கதைதான். 2023 நவம்பரில் விக்டோரியாவில் பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 சென்ட் தருகிற திட்டம் வந்ததிலிருந்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெறும் பாட்டில் பெட்டியை நடைபாதையில் வைக்கிற பழக்கமே குறைந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது.

தேடியது 750 மில்லி நீள்கழுத்து பாட்டில். 23 லிட்டருக்கு முப்பது போதும், மூடி அடிக்கிற வேலை பாதியாகும். இலவசம் என்று ஒரு விளம்பரம் பார்த்துப் போனேன். கதவைத் திறந்தது இத்தாலியப் பெரியவர். கராஜில் சுவர் முழுக்க நீள்கழுத்து, ஆனால் ஒன்றிலும் பியர் இருந்ததில்லை, அதாவது பல வருஷமாக. இங்கே இத்தாலியக் குடும்பங்கள் கோடை முடிகிற சமயம் எல்லோரும் கூடி தக்காளி அரைத்து பழைய பியர் பாட்டிலில்தான் நிரப்புவார்கள், அதே மூடி அடித்து, பெரிய பீப்பாயில் வேகவைப்பார்கள். பிள்ளைகள் இப்போது வருவதில்லையாம், சாஸ் கடையில் வாங்குகிறார்களாம்.

பெஞ்சில் திருகி வைக்கிற மூடி மெஷினையும் தூக்கிக் கொடுத்தார். பணத்தை எடுத்தால் கையைத் தட்டிவிட்டார். காரில் ஏற்றும்போது ஒரு பாட்டிலை மட்டும் திரும்ப எடுத்து வெயிலில் உயர்த்திப் பார்த்தார். அடியில் காய்ந்த பேசில் இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலிலும் இலை போடுவது அவர் மனைவியின் வேலையாம். அந்த பாட்டிலை அவர் என்னிடம் தரவில்லை.

மற்றபடி பீப்பாய் அண்ணன் சொன்ன வாஷிங் சோடா இதற்கும் வேலை செய்யும். தக்காளி காய்ந்தால் மட்டும் வளைந்த பிரஷ் வேண்டும்.

கராஜ் காய்ச்சி, ஸ்காபரோ

பீப்பாய் அண்ணை, என்ட கராஜில ஜன்னலே இல்லை. பிறகு வெளிச்சம் எங்கயிருந்து வரும்? குடிக்கிற அண்டைக்குத்தான் போத்தல் வெளியில வாறது. பச்சை பச்சை எண்டு பயப்படுத்தாதையுங்கோ.

மெல்போர்ன் அண்ணை, தக்காளி மணம் போச்சோ? பியருக்க வரேல்லையோ?

நீள்கழுத்து, மெல்போர்ன்

கண்ணாடியில் மணம் தங்காது தம்பி. பழைய மூடியில்தான் தங்கும், அதை யார் திரும்ப அடிக்கப் போகிறார்கள்?