ஜிம்னிக்கு 235/75 ஆர்15 டயர் போடலாமா?

கேள்வி:
வணக்கம். என் மாருதி ஜிம்னி வாரத்தில் ஐந்து நாள் கோவைக்குள் அலுவலகத்துக்கும், மாதம் ஒருமுறை வால்பாறைத் தோட்டப் பாதைகளுக்கும் ஓடுகிறது. வண்டியோடு வந்த 195/80 ஆர்15 டயர்கள் (அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரிம் 15 அங்குலம்) தேய்ந்துவிட்டன. 235/75 ஆர்15 தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

மறுமொழி 1:
பழைய டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ.; நீங்கள் கேட்பது 733. விட்டத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வருவதால் தரை இடைவெளி 20 மி.மீ. மட்டுமே கூடும், ஆனால் வேகமானி உண்மை வேகத்தை முன்பைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு குறைத்துக் காட்டும், 1.5 லிட்டர் எஞ்சினோ பெரிய டயரின் கூடுதல் எடையை ஒவ்வொரு சிக்னலிலும் இழுத்துக் கிளம்ப வேண்டும். வாரம் ஐந்து நாள் நகரத்தில் ஓடும் வண்டிக்கு இது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி 2:
நான் 235 போட்டுப் பார்த்தவன். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பியபோது சக்கர வளைவின் உட்புறப் பிளாஸ்டிக்கில் கறுப்பாக உரசல் தடம் விழுந்தது. பிறகு 215/75 ஆர்15, ஆல்-டெரெய்ன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான) வகைக்கு மாறினேன். பழைய டயரோடு விட்டத்தில் வேறுபாடு 1.5 விழுக்காடுதான், ஈர மண்ணிலும் பிடி நன்றாக இருக்கிறது.

மறுமொழி 3:
எதைத் தேர்ந்தாலும் ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்குங்கள். விட்டம் வேறான சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தைக் கெட்டித் தரையில் பயன்படுத்தினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) பாதிக்கப்படும்.