கோடையிலும் ஓடும் ராஜகாலுவே: மீட்புப் பணியை எங்கிருந்து தொடங்குவது?

மாரத்தஹள்ளி வாசி (கேள்வி):
வணக்கம். பெங்களூரின் கிழக்கே, வர்த்தூர் ஏரிக்குச் சென்று சேரும் ஒரு சிறிய ராஜகாலுவேயின் (ஏரிகளை இணைக்கும் மழைநீர்க் கால்வாய்) கரையில் எங்கள் குடியிருப்பு உள்ளது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, பிள்ளைகளையும் ஈடுபடுத்தி, அந்த ஓடையை மீட்க விரும்புகிறோம். குப்பையை அள்ளிவிட்டுக் கரையில் மரக்கன்று நடலாம் என்கிறார்கள் சிலர்; முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓடைக்கரை:
மரக்கன்றுகளைச் சற்றுத் தள்ளிவையுங்கள் ஐயா. மழை ஓய்ந்து பல வாரங்கள் கழிந்த மார்ச் மாதத்தில் ஓடையில் நீர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டில் அமைந்த இவ்வூரில், ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்த மழைநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசேர்க்கவே இக்கால்வாய்கள் இருந்தன. ஆகவே கோடையில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான். மேல்நோக்கி நடந்துசென்று, எந்தக் குழாய் எங்கே கலக்கிறது, கட்டட இடிபாடுகள் எங்கே கொட்டப்படுகின்றன என்பதை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கழிவில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. குளிப்பதற்கு உகந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். குழாயை அடைக்காமல் எத்தனை மரம் வைத்தாலும் அந்த அளவை எட்ட முடியாது.

கரைக்காட்டின் பயனை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1967-இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரௌட் நீர் ஆராய்ச்சி மையம், வைட் கிளே கிரீக் என்னும் சிற்றோடையைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. சிற்றோடைகளின் கரையில் குறைந்தது 30 மீட்டர் அகலத்துக்குக் காடு வேண்டும் என்று அதன் ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். இங்கோ, முதன்மைக் கால்வாய்களின் கரையில் கட்டடம் எழுப்பாமல் 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்துவிட்டது. அகலமான கரை கிடைக்காத ஊரில், கழிவு கலக்கும் இடத்திலேயே அதைத் தடுப்பது இன்னும் அவசியமாகிறது.

அறிவியல் ஆசிரியை:
பிள்ளைகளுக்கு ஆக்சிஜன் அளவைச் சொல்வதைவிட, பூச்சிகளைக் காட்டுவது மனத்தில் பதியும். நல்ல ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால், அதன் அடிப்பக்கத்தில் மூன்று வால் இழைகளோடு தட்டையான மேஃபிளை இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சாக்கடை கலந்த சேற்றை வெள்ளைத் தட்டில் கரைத்துப் பார்த்தால், நெளியும் சிவப்புப் புழுக்கள்தான் மிஞ்சும். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. அந்தச் சிவப்பும் அதனால் வந்ததே. ஒரு வேண்டுகோள்: உங்கள் ராஜகாலுவேயில் பிள்ளைகளை இறக்கவே இறக்காதீர்கள். கிராமப்புறத்தில் தெளிந்த ஓடை ஒன்றுக்கு அழைத்துச் சென்று பழக்குங்கள். இங்குள்ள சேற்றைப் பெரியவர்கள் கையுறை அணிந்து எடுத்து வரட்டும்.

ஓசூர்க்காரன்:
உங்கள் ஓடையின் நீர் வர்த்தூரோடு நின்றுவிடுவதில்லை. அது தட்சிண பினாகினியில் சேர்ந்து, தென்பெண்ணையாக எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது ஆற்றில் நுரை மலைபோல் பொங்குவதை இங்கு பலமுறை கண்டிருக்கிறோம். இந்த நீரை நம்பித்தான் எங்கள் பக்கத்து விவசாயிகள் பயிர் செய்கிறார்கள். அங்கே நீங்கள் ஒரு குழாயை மறித்தாலும் அதன் பலன் எங்கள் வயலுக்கு வரும்.

மாரத்தஹள்ளி வாசி:
மூவருக்கும் நன்றி. மார்ச்சில் நடந்து பார்த்து வரைபடம் தயாரிக்கிறோம். கலக்கும் குழாய்களைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

ஓடைக்கரை:
கழிவுநீர்க் குழாய்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியின் பொறுப்பு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டாமல் இருக்க, ஒவ்வொரு குழாயின் இருப்பிடம், புகைப்படம், தேதி ஆகியவற்றுடன் இருவருக்கும் ஒரே மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.